சில்லறை சொல்லும் நகரம்: மணிலாவில் மூன்று நாள்கள்

2025 ஜூன் மாதத்திலிருந்து இந்தியக் குடிமக்கள் சுற்றுலாவுக்காக 14 நாள்கள் வரை விசா இன்றியே பிலிப்பைன்ஸ் நாட்டுக்குச் சென்று வரலாம். அதே ஆண்டு அக்டோபரில் டெல்லியிலிருந்து தலைநகர் மணிலாவுக்கு நேரடி விமானச் சேவையும் தொடங்கியது. அதன்பின், அந்நியச் செலாவணி பெற எங்கள் கிளைக்கு வருவோரில் சிலர், "மணிலாவில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? நேரே கடற்கரைத் தீவுகளுக்குப் போய்விடலாமா?" என்று கேட்கின்றனர். அண்மையில் மூன்று நாள்கள் அந்நகரில் தங்கி வந்தவன் என்ற முறையில் அதற்கு விடை கூற முயல்கிறேன்.

மெட்ரோ மணிலா என்பது ஒரே நகரம் அன்று. 16 மாநகரங்களும் ஒரு நகராட்சியும் சேர்ந்த தொகுதி அது. 2020 கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் சுமார் 1 கோடியே 34 லட்சம் பேர். மூன்று நாள்களில் அதை முழுமையாகப் பார்த்துவிட இயலாது. ஆனால், அங்கே பணம் எப்படிக் கைமாறுகிறது என்பதைக் கவனித்தால் நகரத்தின் இயல்பு ஓரளவு விளங்கிவிடும். வங்கி அதிகாரியின் கண்ணுக்கு அதுவே முதலில் பட்டது.

மதிலுக்குள் நகரம்

முதல் நாளை இன்ட்ராமுரோஸ் பகுதிக்கு ஒதுக்கலாம். 'மதிலுக்குள்' என்பதே அப்பெயரின் பொருள். 1571-இல் ஸ்பானியர் இங்கே தங்கள் தலைநகரை நிறுவினர். மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஓடிய கப்பல்கள், அமெரிக்கக் கண்டத்து வெள்ளியை இங்கே கொண்டுவந்து சீனப் பட்டை ஏற்றிச் சென்றன. சோழமண்டலக் கரையின் துணிகளும் அவ்வணிகத்தில் இடம்பெற்றன. பெசோ என்னும் நாணயப் பெயரும் அக்காலத்தின் எச்சமே.

சென்னையோடு இந்நகருக்கு வேறொரு தொடர்பும் உண்டு. 1762-இல் மணிலாவைக் கைப்பற்றிய ஆங்கிலேயப் படை சென்னையிலிருந்தே கப்பலேறியது. அதில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். 1764-இல் ஆங்கிலேயர் வெளியேறியபோது சிப்பாய்களில் சிலர் திரும்பாமல், அருகிலுள்ள கைந்தா என்னும் ஊரில் குடியேறி அம்மக்களோடு கலந்துவிட்டனர்.

1945-இல் நடந்த போரில் இன்ட்ராமுரோஸ் ஏறத்தாழ முழுவதும் அழிந்தது. 1607-இல் கட்டி முடிக்கப்பட்ட சான் அகஸ்டின் தேவாலயம் மட்டும் தப்பி நின்றது. இன்று அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்று. அருகிலுள்ள சாண்டியாகோ கோட்டையில்தான் நாட்டின் தேசிய வீரராகப் போற்றப்படும் ஹோசே ரிசால் சிறை வைக்கப்பட்டிருந்தார். கண் மருத்துவரும் நாவலாசிரியருமான அவர், 1896 டிசம்பர் 30 அன்று தம் 35-ஆம் வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கடைசியாக நடந்து சென்ற வழியில் உலோகக் காலடித் தடங்கள் பதிக்கப்பட்டுள்ளன. பள்ளிச் சிறுவர்கள் அவற்றின்மீது தம் பாதங்களை வைத்து அளந்து பார்த்ததைக் கண்டேன்.

கையிலிருந்து கைக்கு

இரண்டாம் நாள் ஜீப்னியில் ஏறுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப்பின் அமெரிக்கப் படையினர் விட்டுச் சென்ற ஜீப்புகளை நீட்டி, வண்ணம் பூசி உருவாக்கிய வாகனம் இது. பின்புறமாக ஏறி, எதிரெதிரான இரு நீள இருக்கைகளில் அமர வேண்டும். நடத்துநர் பெரும்பாலும் இருப்பதில்லை. 'பயாட் போ' என்று கூறி நாணயத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்தால், அது பல கைகள் மாறி ஓட்டுநரைச் சென்றடையும். மீதிச் சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். இறங்க வேண்டுமானால் 'பாரா போ' என்றால் போதும்.

நான் வாசலருகே அமர்ந்து 100 பெசோ தாளைக் கொடுத்தேன். அது என் கண்ணிலிருந்து மறைந்ததும் மனம் சற்றுக் கலங்கியது உண்மை. இரண்டு நிறுத்தங்களுக்குப் பின், முன்பின் அறியாத ஆறு பேரின் கைகளைக் கடந்து மீதித் தொகை ஒரு பெசோவும் குறையாமல் என்னிடம் வந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ரசீதும் கையொப்பமும் இன்றிப் பணம் கொடுத்தறியாத எனக்கு அது ஒரு பாடம்.

இவ்வாகனத்தின் எதிர்காலம் இப்போது கேள்விக்குறியாகியுள்ளது. ஓட்டுநர் பலர் உரிமையாளருக்கு நாள்தோறும் ஒரு குறிப்பிட்ட தொகையைச் செலுத்திவிட்டு, எஞ்சியதையே வருமானமாகக் கொள்கின்றனர். 2017-இல் அரசு தொடங்கிய நவீனமயமாக்கல் திட்டம், புகை கக்கும் பழைய வண்டிகளை நீக்கிப் புதியவற்றைக் கொண்டுவர முயல்கிறது. அதற்காகத் தனித்தனி உரிமையாளர்கள் கூட்டுறவுச் சங்கங்களாகவோ நிறுவனங்களாகவோ இணைய வேண்டும். அதற்கான கெடு 2024 ஏப்ரல் 30-இல் முடிந்தது. புதிய வண்டியின் விலையோ 20 லட்சம் பெசோவுக்கும் மேல். பழைய ஜீப்னியின் குறைந்தபட்சக் கட்டணம் 2023 அக்டோபரில் 13 பெசோ ஆயிற்று. அக்கட்டணத்தில் வண்டியின் விலையை மட்டும் ஈட்டவே ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் ஏற வேண்டும்; எரிபொருளும் வட்டியும் தனி. தூய காற்றும் பாதுகாப்பான பயணமும் தேவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், கடன் பிரிவில் பணியாற்றிய எவரும் இக்கணக்கைக் கண்டு ஓட்டுநருக்காகக் கவலைப்படாமல் இருக்க முடியாது.

பொட்டலக் கடையும் வெளிநாட்டுப் பணமும்

குடியிருப்புத் தெருக்களில் 'சாரி-சாரி' எனப்படும் சிறு கடைகள் உண்டு. 'பலவகை' என்பது அச்சொல்லின் பொருள். ஒரு பல் பூண்டு, ஒரு பொட்டலம் ஷாம்பு என அன்றைய தேவைக்கு மட்டும் வாங்கும் வழக்கத்தை 'திங்கி' என்கின்றனர். பழகியவர்களுக்குக் கடனும் உண்டு. அது ஒரு நோட்டில் எழுதப்படும். நம் ஊர் மளிகைக் கடையின் கணக்கு நோட்டை இது நினைவூட்டும்.

அன்று மாலை ஒரு பேரங்காடிக்குச் சென்றேன். குளிர்சாதன வசதியுள்ள இவ்வளாகங்களே மக்கள் கூடும் இடம். சிலவற்றில் ஞாயிறு வழிபாடும் நடைபெறுகிறது. அங்கே நீண்ட வரிசை நின்றது உணவகத்தின்முன் அன்று, பணம் பெறும் முகப்பின்முன். ஏறத்தாழ ஒரு கோடி பிலிப்பினோக்கள் வெளிநாடுகளில் வாழ்வதாக மதிப்பிடப்படுகிறது. 2023-இல் வங்கிகள் வழியாக வந்த தொகை மட்டும் சுமார் 3,350 கோடி டாலர். அயல்நாட்டில் உழைப்போரை அங்கே 'புதிய வீரர்கள்' என்றே அழைக்கின்றனர்.

வரிசையில் ஒரு பாட்டியும் பேத்தியும் அடையாள அட்டையோடு காத்திருந்தனர். என் தந்தை வளைகுடாவிலிருந்து அனுப்பிய வரைவோலையோடு என் தாயும் நானும் வங்கி வாசலில் நின்ற நாள்கள் நினைவுக்கு வந்தன. என் வணிகவியல் பட்டப்படிப்பு அப்பணத்தில் முடிந்ததே. வெளியூரில் நாம் காண்பதில் ஒரு பகுதி நம் வீடுதான்.

உணவும் மரியாதையும்

மூன்றாம் நாள், 1594-இல் தோன்றிய பினோண்டோ என்னும் சீனர் பகுதியில் காலாற நடக்கலாம். உலகின் மிகப் பழைய சீனக் குடியிருப்பாக இது கருதப்படுகிறது. நொடி வண்டி போல் விரையாமல், தேநீர்க் கடைகளில் அமர்ந்து பார்ப்பதே இங்கு நல்லது. மணிலாவாசிகளுக்கு அரிசிச் சோறே முதன்மை உணவு. புளி சேர்த்த 'சினிகாங்' குழம்பு நம் நாவுக்குப் பழகியதாகவே தோன்றும். சைவ உணவினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காய்கறி உணவுகளிலும் மீன் சாறோ இறால் விழுதோ சேர்ப்பதுண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நலம்.

'போ' என்னும் சொல் நம் 'ங்க' போன்ற மரியாதைச் சொல். 'சாப்பிட்டாயா?' என்று நலம் விசாரிப்பதும், மூத்தோரின் கையை எடுத்துத் தம் நெற்றியில் ஒற்றி ஆசி பெறுவதும் அங்கு வழக்கம். ஆசிரியரைக் 'குரோ' என்றும் முகத்தை 'முகா' என்றும் அழைப்பதைக் கேட்கும்போது, வடமொழிச் சொற்கள் கடல் கடந்த தொலைவு விளங்கும்.

புறப்படுமுன்

கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். திரும்பும் பயணச்சீட்டும் தங்குமிட முன்பதிவும் தேவை. வந்திறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் 'இ-டிராவல்' அரசுத் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்ய வேண்டும். விதிகள் மாறக்கூடும் என்பதால் தூதரகத் தளத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலி வழியே முன்னதாகவே இயக்கிவையுங்கள். கடைக் கருவி 'ரூபாயா, பெசோவா?' என்று கேட்டால் பெசோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தால் பெரும்பாலும் மாற்று விகிதம் கூடுதலாகும். இந்திய ரூபாயை நம்பிச் செல்லாமல் டாலர் கொண்டுசென்று மாற்றுவது எளிது. அங்கிருந்து 50,000 பெசோவுக்கு மேல் அனுமதியின்றி எடுத்துவர இயலாது.

மறவாமல் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஜீப்னியில் உங்கள் பக்கத்தில் இருப்பவர் ஒரு நாணயத்தை நீட்டினால், தயங்காமல் வாங்கி அடுத்தவரிடம் கொடுங்கள். அக்கணமே நீங்களும் அந்நகரத்தாருள் ஒருவர் ஆவீர்கள்.