கற்கும் முறையும் கற்பிக்கும் நெறியும்

இன்று கற்பவரே நாளை கற்பிப்பவர். ஆசிரியப் பணியை நாடும் மாணவர், தாம் எவ்வாறு கற்கின்றோம் என்பதைத் தெளிவுற அறிதல் இன்றியமையாதது. "கண்ணால் கண்டால்தான் எனக்குப் புரியும், காதால் கேட்டால் மனத்தில் நில்லாது" என்று கூறுவோர் நம்மிடையே பலர். இக்கூற்று எந்த அளவிற்கு உண்மை என்பதை ஈண்டுக் காண்போம்.

நன்னூல் காட்டும் மாணாக்கர்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கரை மூவகைப்படுத்துகிறது. பாலைப் பிரித்துண்ணும் அன்னமும், மேய்ந்ததை அசைபோடும் பசுவும் முதல் மாணாக்கர்க்கு உவமை. உழைப்பிற்கேற்ப விளையும் மண்ணும், சொன்னதையே சொல்லும் கிளியும் இடை மாணாக்கர்க்கு உவமை. ஓட்டைக் குடமும், அங்கொரு தழை இங்கொரு தழை கடிக்கும் ஆடும், குளத்தைக் கலக்கிக் குடிக்கும் எருமையும், நெய்யை விட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் நெய்யரியும் கடை மாணாக்கர்க்கு உவமை.

இவ்வுவமைகளில் ஒன்றேனும் கண்வழிக் கற்பவர், செவிவழிக் கற்பவர் என்று மாணாக்கரைப் பிரிக்கவில்லை. பெற்ற அறிவை மாணவன் என்ன செய்கிறான் என்பதே பவணந்தியார் கொண்ட அளவுகோல்.

மேலைநாட்டார் பகுப்பு

நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் பிளெமிங் என்பாரும் காலீன் மில்ஸ் என்பாரும் 1992ஆம் ஆண்டில் பார்த்தல், கேட்டல், படித்தெழுதல், செய்துபார்த்தல் என நால்வகைக் கற்றல் விருப்பங்களை வகுத்துரைத்தனர். இப்பகுப்பு பல நாடுகளிலும் பரவிற்று. ஆயின் 2008ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலறிஞர் நால்வர் இத்துறை ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். மாணவர்க்கு விருப்பங்கள் உண்டு. எனினும் அவ்விருப்பத்திற்கேற்பக் கற்பித்தால் கல்வி மிகும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு.

எவ்வழியில் கற்பது என்பதைப் பெரிதும் பாடமே முடிவு செய்கிறது. வெண்பாவின் ஓசையைச் செவியால் கேட்டே உணர வேண்டும். நிலப்படத்தைக் கண்ணால் காண வேண்டும். வேதியியல் ஆய்வைக் கையால் செய்து பழக வேண்டும்.

விருப்பம் வேறு, தேவை வேறு என்பதையும் உணர்தல் நன்று. மாங்காட்டை அடுத்த பூந்தமல்லியில் பார்வையற்றோர்க்கான அரசுப் பள்ளி உள்ளது. ஆறு புள்ளிகளால் அமைந்த பிரெயில் எழுத்தை விரலால் தடவிப் படிக்கும் மாணவர்க்கு அது விருப்பத்தால் தேர்ந்த வழியன்று. கல்விக்குத் திறந்த வாயில். அத்தகைய தேவையை அறிந்து வழி செய்து தருவது ஆசிரியரின் கடமை. தேவை இல்லாதவிடத்து, "நீ இவ்வகையினன்" என்று ஒரு மாணவனை ஒரே வழியில் அடைத்துவிடுவது பிற வழிகளை அவனுக்கு மூடுவதாகும்.

நிலைபெறும் கல்வி

2006ஆம் ஆண்டில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் ஒரு சோதனை நடத்தினர். மாணவர் ஒரு சிறு பகுதியைப் படித்தபின், ஒரு சாரார் அதனை மீண்டும் படித்தனர். மற்றொரு சாரார் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடங்களுக்குப் பின் சோதித்தபோது மீண்டும் படித்தோர் 81 விழுக்காடும், எழுதிப்பார்த்தோர் 75 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை மாறிற்று: மீண்டும் படித்தோர்க்கு 42, எழுதிப்பார்த்தோர்க்கு 56. தேர்வுக்கு முதல்நாள் இரவில் பன்முறை படித்தது விரைவில் மறந்துபோவதன் காரணம் இதனால் விளங்கும்.

திருக்குர்ஆனை மனனம் செய்யும் மாணவர், புதிய பாடத்தோடு பழைய பாடங்களையும் நாள்தோறும் உஸ்தாதிடம் ஒப்பிக்கும் வழக்கமும் இதே அடிப்படையில் அமைந்ததே. பசு அசைபோடுவதும் இதுவே.

கற்பித்துக் கற்றல்

நன்னூலார் ஒரு கணக்கும் கூறுகிறார். ஆசிரியர் உரைத்ததை முழுமையாகக் கொண்டாலும் புலமையில் காற்பங்கே அமையும். உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு சேரும். பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதே எஞ்சிய அரைப்பங்கு நிறையும்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர்களுள் உ.வே. சாமிநாதையரும் உண்டு, நாகூர் குலாம் காதிறு நாவலரும் உண்டு. சாமிநாதையர் தாம் பயின்ற காலத்திலேயே திருவாவடுதுறை மடத்தில் இளைய மாணவர்க்குப் பாடம் சொன்னார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானபோது அப்பயிற்சி அவருக்குத் துணைநின்றது.

மாணவர்களே! பாடம் முடிந்ததும் ஏட்டை மூடிவிட்டு நினைவில் உள்ளதை எழுதுங்கள். எழுதியதை ஏட்டோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். மறுநாளும் மறுவாரமும் மீண்டும் முயலுங்கள். நண்பர் ஒருவர்க்கு விளக்குங்கள். சொல் தடைப்படும் இடமே நீங்கள் இன்னும் கல்லாத இடம்.

நாளை வகுப்பறையில் நிற்கும்போது, நன்னூலின் உவமைகளை நம்மைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாடியாகக் கொள்வோம். பிறர் நெற்றியில் குத்தும் முத்திரையாக்க வேண்டா. "கடை மாணவன்" என்று ஆசிரியர் சொன்ன ஒரு சொல்லை வாழ்நாள் முழுவதும் சுமப்போர் உளர். ஓட்டைக் குடம் தன் ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளாது. மாணவன் அடைத்துக்கொள்வான், அதற்குரிய வழியை ஆசிரியர் காட்டினால்.