கடலூர் முதுநகர்: வணிகர்கள் ஒருமுறை காண வேண்டிய துறைமுகம்

கள்ளக்குறிச்சி வட்டார வணிகர்களுக்குக் கடலூர் புதிய ஊரல்ல. 1993-இல் விழுப்புரம் மாவட்டம் பிரியும் வரை நமக்கு மாவட்டத் தலைநகர் அதுவே. கலெக்டர் ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் நடையாய் நடந்த பெரியவர்கள் இன்றும் நம்மிடையே உண்டு. ஆனால் அவர்களில் பலர் மஞ்சக்குப்பத்தோடு திரும்பிவிட்டவர்கள். கெடிலத்துக்குத் தெற்கே, 'ஓ.டி.' என்று மக்கள் சொல்லும் முதுநகரை வணிகக் கண்ணோடு பார்த்தவர்கள் குறைவு. உளுந்தூர்பேட்டை, பண்ருட்டி, நெல்லிக்குப்பம் வழியாகச் சுமார் 100 கி.மீ. தூரம்தான். காலையில் புறப்பட்டால் இரவுக்குள் வீடு திரும்பலாம்.

முதலில் தேவனாம்பட்டினம் செல்வது நல்லது. அங்கே புனித டேவிட் கோட்டை இருந்தது. 1690-இல் ஆங்கிலக் கம்பெனி இதை மராத்தியரிடம் விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை நிலம் கம்பெனிக்கு என்று பேச்சு. 'குண்டு உப்பலவாடி' என்ற பெயர் அந்த வியாபாரத்தின் நினைவாக இன்றும் வழங்குகிறது. 1746 முதல் 1752 வரை சென்னைக்குப் பதிலாக இக்கோட்டையே கம்பெனியின் தலைமையிடம். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இதைப் பிடித்து இடித்தார்.

அங்கிருந்து முதுநகருக்கு வந்தால், உப்பனாற்றங்கரையில் துறைமுகத்தைக் காணலாம். உள்ளே செல்ல முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். முற்காலத்தில் துணியும், பின்னர் நம் தென்னாற்காட்டு மணிலாவும் கடல்வழி வாணிபத்துக்குப் போயின. ஆற்று முகத்தில் மணல் மேடிடுவதால் பெரிய கப்பல் கரைக்கு வர இயலாது. அது கடலில் நிற்கும். சரக்கு படகில் ஏறி, மீண்டும் கப்பலில் ஏறும். இரண்டு முறை ஏற்றினால் இரண்டு முறை கூலி, இரண்டு முறை சேதாரம் என்பதை வணிகருக்கு விளக்க வேண்டியதில்லை. சென்னையில் செயற்கைத் துறைமுகம் எழுந்து, ரயிலும் பின்னர் லாரியும் சரக்கை நேரே கொண்டுபோகத் தொடங்கியதும் அந்த இரட்டைச் செலவைச் சுமக்க எவர் முன்வருவார்? கணக்குத்தான் துறைமுகத்தின் மவுசைக் குறைத்தது. 2004 சுனாமியும் 2011 தானே புயலும் இக்கரையைத் தாக்கியது பிற்காலத்துச் செய்தி.

இங்கே ஒரு வணிகரை நினைத்துக்கொள்ள வேண்டும். வேல்ஸ் நாட்டில் பிறந்து, 1788-இல் சென்னையில் தொழில் தொடங்கிய தாமஸ் பாரிதான் அவர். கல்வராயன் மலையில் பிறக்கும் நம் கோமுகி ஆற்று நீர் வெள்ளாற்றில் கலந்து கடல் சேரும் பரங்கிப்பேட்டையில், 1824-இல் காலராவால் இறந்தார். கடலூர் கிறிஸ்து ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் மறைந்து 18 ஆண்டுகள் கழித்து, 1842-இல் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை தோன்றியது. 1981 முதல் நிறுவனம் முருகப்பா குழுமத்தைச் சேர்ந்தது; பெயர் மட்டும் இன்றும் பாரிதான்.

அவர் பிறந்த வேல்ஸிலும் இதே கதை உண்டு. கார்டிஃப் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றுமதி 1913-இல் உச்சத்தைத் தொட்டது. 1964-இல் அறவே நின்றது. நிலக்கரியை நம்பி உலகெங்கிலுமிருந்து வந்து குடியேறிய துறைமுகத் தெருமக்கள் வேறு பிழைப்புத் தேட வேண்டியதாயிற்று.

நமக்கு இதில் என்ன? நான்குவழிச் சாலை இன்று கள்ளக்குறிச்சிக்கு வெளியே புறவழியாகப் போகிறது. மலைப்புளிக்கும் கடுக்காய்க்கும் வெளியூர் வியாபாரி நம் கடைவீதிக்குள் நுழைந்தே ஆகவேண்டும் என்பதில்லை. செல்பேசியில் சொன்னால் பொருள் வீட்டு வாசலுக்கே வருகிறது. எனவே ஒவ்வொருவரும் தம் பேரேட்டைப் புரட்டி ஒன்றைக் கணக்கிட வேண்டுகிறோம்: நம் கடை இருக்கும் இடத்துக்காக வரும் வாடிக்கை எவ்வளவு? நம் சரக்கின் தரத்துக்காகவும் எடையின் நாணயத்துக்காகவும் வரும் வாடிக்கை எவ்வளவு? முன்னது பாதை மாறினால் போய்விடும். பின்னது நாம் கடை மாற்றினாலும் தேடி வரும்.

அடுத்த விடுமுறை நாளில் கடைப் பொறுப்பை ஏற்கவிருக்கும் பிள்ளைகளையும் அழைத்துச் சென்று முதுநகரைக் காட்டுங்கள்.