துவிச்சக்கர வண்டிக் குழுவின் ஒருநாட் செலவு

செலவு என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் இக்காலத்தார்க்குப் பணமே நினைவில் வரும். பழந்தமிழிலோ அச்சொல் பயணத்தையே குறித்தது. நெடுந்தூரத் துவிச்சக்கர வண்டிப் பயணத்தில் இவ்விரு பொருளும் ஒன்றாகின்றன. செல்லுந்தோறும் உடல்வன்மையும் நேரமும் நீரும் செலவாகின்றன. இவற்றைக் கணக்கறிந்து செலவிடும் குழு மாலையில் ஒருங்கே ஊர் சேரும். கணக்கறியாத குழு நடுவழியிற் சிதறும். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியாக வவுனியா வரை இருபதின்மர் செல்லும் ஒருநாளை எடுத்துக்கொண்டு இக்கணக்கை விளக்குவாம்.

தூரம் ஏறக்குறைய 140 கிலோமீற்றர். பாதை பெரும்பாலும் சமதரை. பயிற்சியுள்ள மாணவர் மணிக்கு 17 அல்லது 18 கிலோமீற்றர் வேகத்தைப் பேணலாம். ஆகவே ஓட்டத்துக்கு மாத்திரம் எட்டு மணிநேரம் வேண்டும். உச்சிவெயிலைத் தவிர்க்க மூன்று மணிநேரமும், சிற்றோய்வுகளுக்கு ஒன்றரை மணிநேரமும் கூட்டுக. அதிகாலை 5 மணிக்குப் புறப்படுவோர் மாலை 5.30 மணியளவிலேயே வவுனியாவை அடைவர். இருள்வதற்கு முன் எஞ்சுவது ஏறத்தாழ ஒரு மணிநேரமே.

இம்மிச்சம் கரையும் வகையை நோக்குக. ஒவ்வொருவரும் தத்தமக்கு வேண்டியபோது பத்து நிமிடம் நிற்க, ஏனையோர் காத்திருந்தால் 200 நிமிடம் வீணாகும். எல்லோரும் ஒரே இடத்தில் நின்றால் பத்து நிமிடத்தோடு அலுவல் முடியும். சாவகச்சேரி, பளை, பரந்தன், முறிகண்டி எனத் தங்குமிடங்களை முன்னரே வகுத்தல் இதன்பொருட்டேயாம். முறிகண்டிப் பிள்ளையாரை வணங்கி, உப்பிட்டு வறுத்த கச்சான் வாங்கி உண்பது நம்மவர் வழக்கம். வியர்வையோடு உப்பை இழந்த உடலுக்கு அது நல்லதுமாகும்.

அடுத்தது காற்று. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என நம் முன்னோர் திசைதோறும் காற்றுக்குப் பெயரிட்டனர். தைமாதத்தில் தெற்கே செல்வோர்க்கு வாடை முதுகிலிருந்து துணைசெய்யும். ஆவணியிலோ சோளகம் பளை வரை பக்கத்தில் மோதி, ஆனையிறவு வெளியிலிருந்து முகத்தில் மோதும். காற்றெதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகும். மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுபவனுக்கு அதே வேகத்தில் எதிர்க்காற்றும் வீசினால், எதிர்ப்பு நான்கு மடங்காகும். முன்செல்பவனின் மறைவில் வருபவனுக்கு இச்சுமை குறையும். எனவே வலியோர் முறைமாறி முன்னே செல்லல் வேண்டும்.

மெலியோர் கடைசியில் வருவது பலரும் காணும் வழக்கம். அது தவறான ஒழுங்கு. முன்னவன் சிறிது தயங்கினாலும் அத்தயக்கம் வரிசை நெடுகப் பெருகிக் கடையோனை நிறுத்திவிடும். முன்னவன் விரைந்தால், இடைவெளியை அடைக்கக் கடையோன் மூச்சிரைக்க மிதிப்பான். ஆகவே மெலியோரைத் தலைவனை அடுத்து நிறுத்துக. அவர்தம் வேகமே குழுவின் வேகமாகுக. வலிமையும் பொறுமையும் உடைய ஒருவன் காற்றுப் பம்பு, ரியூப், ஒட்டுப்போடும் பொருள்கள் ஆகியவற்றுடன் கடைசியில் வருக. அவனுக்குப் பின் எவரும் இருத்தலாகாது.

பதினொரு மணிக்குப் பின் மாங்குளத்தில் நிழல்தேடி இளைப்பாறல் வேண்டும். தாகம் தோன்றுமுன் சிறிது சிறிதாக நீர் அருந்துக. மோரும் உப்பிட்ட கஞ்சியும் சாலச் சிறந்தன. ஒருவன் தலைவலியென்று கூறி, பேச்சுத் தடுமாறினால் அதனைச் சோம்பலென்று எண்ணுதல் பேரிடராய் முடியும். அது வெப்பத் தாக்கின் குறியாகலாம். உடனே நிழலிற் கிடத்தி, உடலை நீரால் நனைத்து, விசிறி, வைத்தியசாலைக்கு அனுப்புக. அவனது பயணம் அவ்விடத்தில் நிற்பது தோல்வியன்று.

மாங்குளத்துக்குத் தெற்கே காடு செறிந்த பகுதிகள் உள. யானை தென்பட்டால் தூரத்தே நின்று வழிவிடுக. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை காணுமிடத்தில் வீதியை விட்டு ஓரடியும் இறங்கற்க. இவ்வீதி போர்க்காலத்தில் நெடுநாள் மூடுண்டு, 2002இல் திறக்கப்பட்டு, 2006 ஓகஸ்ட் மாதம் மறுபடியும் அடைக்கப்பட்டது. போர் 2009இல் முடிந்த பின்னரே வழமையான போக்குவரத்து மீண்டது. ஆனையிறவைத் தாண்டாமலே பள்ளிப் படிப்பை முடித்தோர் நம்மிடையே பலர். அவர்தம் பிள்ளைகள் இன்று அவ்வழியே வண்டி மிதித்துச் செல்லக் கூடுமாயின், அப்பேற்றைக் கவனக்குறைவால் இழத்தல் தகாது.

வவுனியா சேர்ந்ததும் பொறுப்பாசிரியர் கேட்கவேண்டியது யார் முந்தி வந்தார் என்பதன்று. தலைகளை எண்ணுக. புறப்பட்ட இருபதின்மர்க்கும் விடை கிடைத்தால் அன்றைய கணக்கு நேராயிற்று.