கீழாநெல்லியும் கல்லீரல் மாத்திரைகளும்

கோபாலபுரத்திலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வரும் குடும்பத்தினர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மஞ்சட்காமாலைக்குக் கீழாநெல்லி கொடுக்கலாமா, டாக்டர்?" ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் இதற்கு விடையளிக்க இயலாது.

மஞ்சட்காமாலை தனியொரு நோயன்று; அறிகுறி. பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதைப் பித்தநீருடன் குடலுக்கு அனுப்புகிறது. கல்லீரல் நலிந்தாலோ பித்தநாளம் அடைபட்டாலோ, அது இரத்தத்தில் தேங்கிக் கண்ணிலும் தோலிலும் தெரிகிறது. அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் ஏ, ஈ வகை வைரஸ்கள், இரத்தத்தின் வழியே பரவும் பி, சி வகைகள், மது, பித்தக்கல், காசநோய் மாத்திரைகள் உள்ளிட்ட சில மருந்துகள் எனக் காரணங்கள் பல. ஏ வகை, பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானே குணமாகிவிடும். அந்நாட்களில் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் குடித்தவர், மூலிகையே நோயைத் தீர்த்தது என நம்புவது இயல்பே.

இம்மூலிகையை நவீன மருத்துவம் புறக்கணிக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் பி வகை வைரஸ் நெடுநாளாக உள்ளவர்களுக்கு இதனை 30 நாட்கள் கொடுத்து ஆராய்ந்தனர். 1988இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளிவந்தது. மூலிகை உண்ட 37 பேரில் 22 பேருக்கும், வெறும் மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்கும் இரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. உலகமே வியந்த முடிவு அது. ஆனால் பின்னர்ப் பிற நாடுகளில் நடந்த ஆய்வுகளில் அப்பயன் உறுதிப்படவில்லை. ஆகவே, பி வகைக்கான மாத்திரைக்கு மாற்றாகக் கீழாநெல்லியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

டெனோஃபோவிர், என்டெகாவிர் ஆகிய மாத்திரைகள் பி வகை வைரஸ் பெருகுவதைத் தடுக்கின்றன. பெரும்பாலோரிடம் அதை வேரோடு களைவதில்லை. உடல் தேறிவிட்டது என்று தாமாகவே நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகிக் கல்லீரலைச் செயலிழக்கச் செய்யக்கூடும்; உயிருக்கே ஆபத்தாகலாம். சி வகையோ பெரும்பாலோர்க்குப் பன்னிரண்டு வார மாத்திரைகளால் முற்றிலும் குணமாகிறது.

ஈரல் சுருக்கம் உள்ளவர்களுக்குத் தரப்படும் லாக்டுலோஸ் பாகு மலச்சிக்கலுக்கு மட்டுமானதன்று. குடலில் உண்டாகும் அம்மோனியா மூளையைப் பாதிக்காதவாறு அது வெளியேற்றுகிறது. நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை இளகலாக மலம் கழிவதே அதன் நோக்கம். "வயிறு போகிறது" என்று அதை நிறுத்திவிடாமல், அளவைக் குறைக்கலாமா என எங்களைக் கேளுங்கள். ஸ்பைரனோலாக்டோன் வயிற்றில் தேங்கும் நீரைக் குறைக்கிறது. புரோப்ரனோலால் உணவுக்குழாய் நாளங்கள் வெடித்து இரத்தம் கசியாமல் காக்க உதவுகிறது.

ஈரல் சுருக்கம் உள்ளவர்கள் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். பாராசிட்டமாலையும் மருத்துவர் கூறிய அளவுக்கு மேல் உட்கொள்ளலாகாது. வீட்டில் உண்ணும் கஷாயம், சூரணம், லேகியம் எதுவாயினும் மறைக்காமல் கூறுங்கள். பெயர் தெரியாவிட்டால் பொட்டலத்தையே கொண்டு வாருங்கள். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். எங்களுக்குத் தெரிந்தால்தான் உங்களைக் காக்க முடியும்.

நோயாளிக்குப் பகலில் மிகுந்த உறக்கம், பேச்சில் தடுமாற்றம், இரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், காய்ச்சலுடன் வயிற்றுவலி ஆகியவற்றுள் எது தோன்றினும் மறுநாள் வரை காத்திருக்க வேண்டா. கர்ப்பிணிக்கு மஞ்சட்காமாலை கண்டால் அன்றே அழைத்து வாருங்கள். ஈ வகை அவர்களுக்குக் கொடியது.

குடும்பத்தில் ஒருவருக்குப் பி வகை இருப்பின் மற்றவர்கள் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, தேவைப்படுவோர் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி அவசியம். செலவை எண்ணி மாத்திரையை நிறுத்தாதீர்கள். 2018இல் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ்ப் பி, சி வகைகளுக்கான மருந்துகள் இலவசமாக வழங்கப்படுகின்றன. அத்திட்டத்தில் சேரும் வழியை எங்களிடம் கேட்டறியலாம்.