துரையப்பா விளையாட்டரங்கு: ஒரு திடலின் கதை

மாலையில் தறிச் சத்தம் ஓய்ந்ததும், ஓரிக்கையில் வெற்றிடம் கண்ட இடமெல்லாம் சிறுவர்கள் பந்து உதைப்பதைக் காண்கிறோம். 'படிப்பைக் கெடுக்கும் வீண் ஆட்டம்' என்று பெற்றோர் பலர் கடிந்துகொள்வதும் உண்டு. ஆனால் விளையாட்டுத் திடல் எத்துணை அரிய செல்வம் என்பதை யாழ்ப்பாணத்துத் தமிழ் மக்களைக் கேட்டால் தெரியும். அந்நகரின் துரையப்பா விளையாட்டரங்கு அதற்குச் சான்று பகரும்.

யாழ்ப்பாணத்தார் கால்பந்தை 'உதைபந்தாட்டம்' என்பர். கரையோரத்துக் கத்தோலிக்க ஊர்களில் அதன்மீது தனிப்பற்று உண்டு. நாவாந்துறை சென் மேரீஸ், பாஷையூர் சென் அன்ரனீஸ் எனப் புனிதர்களின் பெயராலேயே அங்கே ஆட்டக் கழகங்கள் விளங்குகின்றன.

கோட்டைக்கும் பொது நூலகத்துக்கும் அருகே அமைந்துள்ள இவ்வரங்கு, நகர மேயராயிருந்த அல்பிரட் துரையப்பாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1960 முதல் 1965 வரை பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர் அவர். 1975 ஜூலை 27 அன்று பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலுக்குச் சென்றபோது, ஆயுதமேந்திய தமிழ் இளைஞர்களால் சுட்டுக்கொல்லப்பட்டார். நம் காஞ்சியில் அன்றாடம் நாம் கேட்கும் அதே பெயருடைய கோயிலின் முன்றிலில் அக்குருதி சிந்தியது. வரவிருந்த நெடும்போரின் முன்னறிகுறியாக அது அமைந்துவிட்டது.

1981ஆம் ஆண்டு மே 31 இரவில் தொடங்கிய வெறியாட்டத்தில், அண்டையிலிருந்த நூலகம் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. பின்னர் மூண்ட போரில் ஊரே சிதறியது. 1995 அக்டோபர் இறுதியில் இலட்சக்கணக்கானோர் கைக்குழந்தைகளோடு நகரை விட்டு வெளியேறினர். ஆட வந்த கால்கள் அகதிகளின் கால்களாயின.

1999இல் அரங்கைச் செப்பனிட மண்ணைத் தோண்டிய தொழிலாளர் திடுக்கிட்டனர். ஏறத்தாழ 25 பேரின் எலும்புகள் அங்கே புதைந்து கிடந்தன! அவர்களுள் ஒவ்வொருவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளை அன்றோ? சிறுவர் ஓடியாட வேண்டிய மண், பெரியவர்களின் பகைமைக்குப் புதைகுழியாயிற்று.

போர் 2009இல் முடிவுற்றது. இந்திய அரசு ஏறத்தாழ ஏழு கோடி ரூபாய் செலவில் அரங்கைப் புதுப்பித்துக் கொடுத்தது. 1,850 பேர் அமரத்தக்க அவ்வரங்கு 2016 ஜூன் 18 அன்று திறக்கப்பட்டது. இலங்கை அதிபர் சிறிசேனா நேரில் நிற்க, நம் பிரதமர் மோடி புதுதில்லியிலிருந்து காணொளி வாயிலாகக் கலந்துகொண்டார்.

இருக்கைகளையும் சுவர்களையும் பணத்தால் எழுப்பிவிடலாம். பிள்ளைகள் அச்சமின்றி ஓடியாடும் மாலைப்பொழுதை எந்தப் பணத்தாலும் வாங்க இயலாது. அப்பொழுது நமக்கு ஓரிக்கையில் விலையின்றியே வாய்த்திருக்கிறது. இன்று மாலை நம் பிள்ளை புழுதி படிந்த கால்களோடு வீடு திரும்பினால், கடிந்துகொள்ளுமுன் சற்றே எண்ணிப் பார்ப்போம்.