இறங்கி ஏறும் இடம்

திருவண்ணாமலையிலிருந்து ஒரு பெண் தன் அப்பாவைச் சென்னை ஜி.எச்.சுக்குக் கூட்டிப்போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு முழங்கால் வலி. கையில் ஒரு பை, பழைய ஸ்கேன் படங்கள், சாப்பாட்டுத் தூக்கு. செஞ்சி, திண்டிவனம் வழியாக வரும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டால் சென்னை விளிம்பிலுள்ள கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வரை கவலையில்லை. சிரமம் அங்கே இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது. சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ஆஸ்பத்திரிக்கு இன்னும் 30 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். மாநகரப் பஸ்ஸில் விமான நிலையம் வரை போய் மெட்ரோவுக்கு மாறலாம். பக்கத்தில் வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய் மின்சார ரயிலைப் பிடித்துப் பூங்கா நிலையத்தில் இறங்கலாம். எது சீக்கிரம், எது மலிவு, எதில் படிக்கட்டு குறைவு என்பதெல்லாம் தினமும் போய்வருகிறவருக்குத் தெரியும். முதல்முறை வருகிற அந்தப் பெண் நாலு பேரைக் கேட்டுத்தான் போக வேண்டும்.

ஒருங்கிணைந்த பொதுப் போக்குவரத்து என்று பேசுகிறோமே, அது இந்தப் பெண்ணைப் பற்றியதுதான். அவளுக்கு இது ஒரே பயணம்: வீட்டு வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை. வண்டிகளை ஓட்டுகிறவர்களுக்கோ அது மூன்று துண்டு, மூன்று டிக்கெட், மூன்று நிர்வாகம். அந்தத் துண்டுகளைப் பயணியின் தலையில் சுமத்தாமல் நிர்வாகங்களே ஒட்டவைத்துத் தருவதற்குப் பெயர்தான் ஒருங்கிணைப்பு.

சென்னையில் வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-லேயே மின்சார ரயில் ஓடியது. பல்லவன் போக்குவரத்துக் கழகம் 1972-ல் பிறந்தது. இன்றைய மாநகரப் போக்குவரத்துக் கழகம் அதன் தொடர்ச்சி. பறக்கும் ரயில் 1995-லும், மெட்ரோ 2015-லும் வந்தன. ஆனால் ஒவ்வொன்றும் தன் பாதையை மட்டும் பார்த்து வளர்ந்தது. வேளச்சேரியில் நின்றுபோன பறக்கும் ரயிலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீட்டிப் பரங்கிமலையில் சேர்க்கும் வேலை 2008-ல் தொடங்கியது. நிலம் கையகப்படுத்துவதில் வழக்கு வந்து, கடைசி அரை கிலோமீட்டருக்காகப் பல ஆண்டுகள் தூண்கள் அந்தரத்தில் நின்றன. அந்தச் சின்ன இடைவெளியால் தென்சென்னையில் எத்தனை பேர் தினம் தினம் சுற்றிப் போயிருப்பார்கள்!

கிளாம்பாக்கம் புறநகர்ப் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. விசாலமான கட்டடம். கோயம்பேடு பேருந்து நிலையத்தின் நெரிசலை நினைத்தால் ஊருக்கு வெளியே இப்படி ஒன்று தேவைதான். என் வருத்தம் வரிசையைப் பற்றியது. எதிரே ரயில் பாதை ஓடுகிறது. ஆனால் முனையம் திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. விமான நிலையத்திலிருந்து அதுவரை வரவேண்டிய 15.46 கிலோமீட்டர் மெட்ரோ காகிதத்தில்தான் இருந்தது. தென்மாவட்டத்துப் பஸ்களையெல்லாம் நகரின் விளிம்பில் நிறுத்தப்போகிறோம் என்றால், அங்கிருந்து உள்ளே போகும் வழியை முதலில் போட்டிருக்க வேண்டும். முனையம் முந்திக்கொண்டது, இணைப்பு பின்தங்கிவிட்டது.

நன்றாக அமைந்த இடங்களும் உண்டு. ஆலந்தூரில் மெட்ரோவின் இரண்டு வழித்தடங்களும் ஒரே கட்டடத்தில் சந்திக்கின்றன. மாறுவதற்குத் தெருவில் இறங்க வேண்டியதில்லை. அந்த வசதி, ரயில் ஓடும் வேகத்தைவிட முக்கியமானது என்பேன். பத்து நிமிடம் சேமித்துத் தரும் ரயிலிலிருந்து இறங்கி, வெயிலில் சாலையைக் கடந்து, பஸ் எங்கே நிற்கும் என்று தேடிப் பதினைந்து நிமிடம் போனால் என்ன லாபம்?

அடுத்து, காசு. இது பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒரே டிக்கெட் வேறு, ஒரே கட்டணம் வேறு. 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘சென்னை ஒன்’ செயலியில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே கியூஆர் டிக்கெட் எடுக்கலாம். மெட்ரோவுக்கு வந்த ‘சிங்கார சென்னை’ அட்டையை 2025 ஜனவரி முதல் மாநகரப் பஸ்ஸிலும் காட்டலாம். சில்லறைத் தகராறு இல்லை, வரிசை இல்லை, பெரிய நிம்மதி. ஆனால் ஒவ்வொரு வண்டியிலும் ஏறும்போது குறைந்தபட்சக் கட்டணம் புதிதாகத் தொடங்குகிறது. சாதாரணப் பஸ்ஸில் 5 ரூபாய், மெட்ரோவில் 10 ரூபாய் என்று முதல் படியிலிருந்து மறுபடி ஏற வேண்டும். அதாவது, நேர்ப் பஸ் இல்லாத ஊரில் குடியிருப்பதற்காக ஒருவர் கூடுதலாகக் கொடுக்கிறார்.

சிங்கப்பூரில் இருக்கும் நம் உறவினர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அங்கே 2010 முதல் கட்டணம் மொத்தத் தூரத்துக்குத்தான். பஸ்ஸில் போய் ரயிலுக்கு மாறி மறுபடி பஸ் ஏறினாலும், குறித்த நேரத்துக்குள் மாறிவிட்டால் அது ஒரே பயணம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் 1965-லேயே தனித்தனி நிறுவனங்களை ஒரு கூட்டமைப்பில் சேர்த்துப் பொதுக் கட்டணம், பொது அட்டவணை என்று வகுத்தது.

இதைச் சென்னையில் ஏன் உடனே செய்ய முடியவில்லை? வண்டிகளின் சொந்தக்காரர்கள் வேறுவேறு. பஸ் மாநில அரசுடையது. மெட்ரோ மத்திய, மாநில அரசுகளின் கூட்டு நிறுவனம். மின்சார ரயில் தெற்கு ரயில்வேயின் கையில். டிக்கெட்டை ஒன்றாக்கினால் வந்த பணத்தை யார் எவ்வளவு எடுத்துக்கொள்வது, குறைத்த கட்டணத்தின் இழப்பை யார் தாங்குவது என்று உட்கார்ந்து பேச ஒரு பொது மேசை வேண்டும். அந்த மேசைதான் ‘கும்டா’ எனப்படும் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம். அதற்கான சட்டம் 2010-ல் வந்தது. முதலமைச்சர் தலைமையில் அதன் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். நடுவே 12 ஆண்டுகள்! சுமார் 119 கிலோமீட்டரில் மெட்ரோவின் இரண்டாம் கட்ட வேலை நடக்கும் இந்த நேரத்தில், பாலத்துக்கும் சுரங்கத்துக்கும் கிடைக்கும் கவனம் இந்த மேசைக்கும் கிடைக்க வேண்டும்.

இதெல்லாம் மாநகரத்து விவகாரம், மலையடிவாரத்தில் இருக்கும் நமக்கென்ன என்று கேட்கலாம். திருவண்ணாமலையே 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. அதைவிட, பௌர்ணமி இரவில் நம் ஊர் உண்மையிலேயே ஒரு மாநகரம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கத் தலைகள். கார்த்திகை தீபத்தின்போது வெளியூர்ப் பஸ்களை ஊருக்குள் விடாமல், சாலைக்குச் சாலை தற்காலிகப் பேருந்து நிலையம் போடுகிறார்கள். அது சரியான ஏற்பாடுதான். ஆனால் இரவெல்லாம் நடந்து முடித்து ராஜகோபுரத்தின் முன் நிற்கும் ஒரு பாட்டிக்கு, தன் ஊர்ப் பஸ் எந்தச் சாலையில் நிற்கிறது, அங்கே எப்படிப் போவது என்பதுதான் அந்த நேரத்துக் கேள்வி. தற்காலிக நிலையங்களையும் ரயில் நிலையத்தையும் சேர்த்துச் சுற்றிவரும் பஸ்கள் தீபத்துக்கு மட்டுமல்லாமல் எல்லாப் பௌர்ணமிக்கும் வேண்டும். எந்தச் சாலைக்கு எந்த ஊர் என்று எழுதிய பெரிய பலகைகள் கோபுரத்தின் எதிரிலேயே வேண்டும்.

ரயிலையும் சொல்ல வேண்டும். சென்னைக்குக் குறுக்கு வழியாக அமைய வேண்டிய திண்டிவனம்–திருவண்ணாமலைப் பாதை, சுமார் 70 கிலோமீட்டர், பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருக்கிறது. இதற்கிடையே 2024 மே மாதம், கடற்கரை–வேலூர் ரயிலைத் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். காட்பாடி சுற்றித்தான் வருகிறது. ஆனாலும் நீட்டியபோது 50 ரூபாயில் சென்னை! கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கும் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த ரயிலில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தால் தெரியும். தொடங்கியபோது வகுத்த நேரப்படி, மாலை 6 மணிக்குக் கடற்கரையில் கிளம்பி நள்ளிரவு 12 தாண்டி இங்கே வந்து சேரும். திரும்ப விடியற்காலை 4 மணிக்குப் புறப்படும். இரண்டுமே ஊர் உறங்கும் நேரம். ரயிலில் வந்து காசு மிச்சம் பிடித்தவர் அதைவிட அதிகமாக ஆட்டோவுக்குக் கொடுக்கும்படி ஆகிவிடக் கூடாது.

அந்த இரண்டு வேளைக்கும் நிலைய வாசலிலிருந்து பேருந்து நிலையத்துக்கும், செங்கம், தண்டராம்பட்டு பக்கமும் ஒவ்வொரு பஸ் வேண்டும். ரயில் அரை மணி நேரம் தாமதமானால் பஸ்ஸும் நிற்க வேண்டும். அதற்குப் புதிய பாலமோ சுரங்கமோ வேண்டாம். ரயில் போளூரைத் தாண்டியதும் நிலையத்திலிருந்து டெப்போவுக்கு ஒரு போன் போனால் போதும்.