பொறியாளருக்கும் உண்டு சட்டத்தின் காவல்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் அதனையடுத்த தேர்வாய் கண்டிகையிலும் இரும்பு உருக்குவதும் டயர் வார்ப்பதும் போன்ற கனரகத் தொழில்களே பிரதானமாக இருந்துவந்தன. இப்பொழுது மாநெல்லூரில் மின்னணு உற்பத்திக்கென்றே ஒரு தொகுப்பு உருவாகிவருவதாலும், 2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் அறிவித்த செமிகண்டக்டர் திட்டத்தாலும், பொன்னேரி, கவரைப்பேட்டைப் பக்கத்துப் பட்டதாரிகளுக்குச் சில்லுத் தொழிலின்மேல் ஆசை பிறந்திருப்பது இயல்பே. தமிழ்நாட்டுக்கு இத்தொழில் முற்றிலும் புதிதன்று. 1980-களில் தொடங்கப்பெற்ற ஸ்பெல் நிறுவனம் மறைமலைநகரில் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் பணியைச் செய்துவந்திருக்கிறது. ஆசைப்படுவோர், அந்த உத்தியோகத்தின் சுபாவத்தையும், அதில் தமக்குள்ள பாத்தியதைகளையும், கேடு நேர்ந்தால் அணுகவேண்டிய இடங்களையும் முன்கூட்டியே அறிந்திருத்தல் அவசியம்.

கிளீன் ரூம் எனப்படும் தூசியற்ற கூடத்துள் தலைமுதல் கால்வரை அங்கி பூண்டு நுழையும் பொறியாளர், ஷிப்டு முடியும்வரை இயந்திரத்தின் போக்குக்கே கட்டுப்பட்டவர். பாதியில் நின்ற உலையும் இடையில் தடைப்பட்ட அரிப்பு வேலையும் சில்லுகள் உருவாகும் வேஃபர் தகடுகளின் ஒரு தொகுதியையே வீணாக்கிவிடக்கூடுமாதலால், ஆலை இராப்பகலாக ஓடுகிறது. அடுத்த ஷிப்டுக்குப் பொறுப்பை ஒப்படைத்து வீடு திரும்பிய பிறகும் கைப்பேசி ஓய்வதில்லை. கூடுதல் நேரத்துக்குக் கூலி கேட்டால், "நீங்கள் ஸ்டாஃப், உங்களுக்கு ஓ.டி. கிடையாது" என்ற விடை வருகிறது. அடையாள அட்டையில் 'எக்ஸிகியூட்டிவ்' என்றிருப்பதால் பலர் அதை நம்பியும் விடுகிறார்கள்.

சட்டம் பதவியின் பெயரைப் பார்ப்பதில்லை; ஒருவர் பிரதானமாகச் செய்யும் வேலையைப் பார்க்கிறது. 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டமும், அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும், தொழில்நுட்பப் பணி செய்வோரையும் தொழிலாளி என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கின்றன. புதிய தொகுப்பின்படி, நிர்வாக அதிகாரம் செலுத்துபவரும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறும் மேற்பார்வையாளரும் அதற்குப் புறம்பானவர்கள். ஆகையால் இயந்திரத்தைப் பழுதுபார்ப்பதும் அளவுகளைச் சரிபார்ப்பதுமே நாள்முழுதும் தம் வேலையாக உள்ள ஒருவர், சம்பளம் எவ்வளவாயினும், தொழிலாளி என்று வாதிட இடமுண்டு. அவ்வாறு கருதப்படுபவருக்கு வாரம் 48 மணி நேரமே வரம்பு. அதற்கு மேற்பட்ட வேலைக்கு இரட்டிப்பு ஊதியம். வேலை நேரத்தை 12 மணியாக்க இடந்தந்து 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

வேலையில் சேரும்போதே இரண்டு காரியங்களில் ஜாக்கிரதை வேண்டும். ஒன்று, நியமனக் கடிதம். அதை எழுத்தில் தருவது இப்போது முதலாளியின் கடமை. மற்றொன்று, குறித்த காலம் வேலையில் நீடிப்பதாக எழுதித்தரும் பத்திரமான பாண்டு. பயிற்சிச் செலவை ஈடுகட்டும் நியாயமான பாண்டு செல்லும் என்றே 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, பத்திரத்தில் குறித்த தொகை உச்சவரம்பே. அதற்கு உட்பட்டு நியாயமான நஷ்டஈட்டையே நீதிமன்றம் வழங்கும். விருப்பமில்லாதவரைப் பலவந்தமாக வேலையில் நீடிக்கச் செய்யவும் இயலாது. அசல் சான்றிதழ்களைக் கேட்டால் நகல்களைக் கொடுப்பதே விவேகம்.

இனி அபாயங்கள். சில்லுத் தயாரிப்பிலும் சூரியத் தகட்டுத் தயாரிப்பிலும் பயன்படும் ஹைட்ரோபுளோரிக் அமிலம் வஞ்சகமானது. நீர்த்த நிலையில் தோலில் பட்டால் உடனே எரிச்சல் தோன்றாமற் போகலாம்; சில மணி நேரத்துக்குப் பின், அது உட்புகுந்து உடலின் கால்சியத்தைக் கவர்ந்துகொண்ட பிறகே கடும் வலி எழும்; அதிக அளவு புகுந்தால் இதயத் துடிப்பே தடைப்படும். பட்ட இடத்தை உடனே ஏராளமான நீரால் கழுவி, கால்சியம் குளுக்கோனேட் களிம்பு தடவி, மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இக்களிம்பு பணியிடத்தில் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று முதல் நாளே கேட்டறிவது உயிர்காக்கும் விவேகம். கரைப்பான்களாகப் பயன்பட்ட கிளைக்கால் ஈதர்கள் கருச்சிதைவுக்குக் காரணமாகலாம் என்பதை அமெரிக்கச் சில்லு ஆலைகளில் 1980-களிலும் 1990-களின் தொடக்கத்திலும் நடந்த ஆய்வுகள் சுட்டிக்காட்டின. தென்கொரியாவின் கிஹுங் ஆலையில் பணியாற்றிய ஓர் இளம்பெண் 2007-இல் இரத்தப்புற்றால் மாண்டபின், குடும்பத்தார் பல்லாண்டு போராடியதன் விளைவாக, 2018-இல் சாம்சங் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு நஷ்டஈட்டுக்கு உடன்பட்டது.

போபால் விஷவாயுத் துயரத்துக்குப் பின் 1987-இல் நம் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட உரிமை, 2020-ஆம் ஆண்டின் பணிப்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. தாம் கையாளும் பொருளின் கேடுகளைக் கேட்டறியவும், உடனடி ஆபத்தை நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கவும் ஊழியருக்கு அதிகாரமுண்டு. பெண்களைப் பொறுத்தவரை, இரவுப்பணிக்கு இருந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே நீக்கிவிட்டது. ஆனால் பாதுகாப்பும் போக்குவரத்தும் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு. பத்துப் பேருக்குக் குறையாத இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களுக்கான உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். புகாரைச் சாதாரணமாகச் சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும்.

நிவாரணம் தேடுவோர், பாதுகாப்புக் குறைகளுக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தையும், சம்பளத்துக்கும் பணிநீக்கத்துக்கும் தொழிலாளர் துறையையும், வருங்கால வைப்புநிதிக்கு அதன் மண்டல அலுவலகத்தையும் நாட வேண்டும். விலகியவருக்கும் விலக்கப்பட்டவருக்கும் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்கவேண்டும் என்பது ஊதியச் சட்டத் தொகுப்பின் விதி. பணிநீக்கத்தை எதிர்ப்பவர் முதலில் சமரச அலுவலரிடம் செல்லவேண்டும். 45 நாட்களில் தீராவிடில் தீர்ப்பாயத்துக்கு நேரே போகலாம். பணிநீக்கத்திலிருந்து இரண்டு ஆண்டுகள் கடந்தால் அந்த வழி அடைபடும். 21,000 ரூபாய்க்கு உட்பட்ட ஊதியத்தார்க்கு இ.எஸ்.ஐ. காப்பீடு உண்டு. தொழிலாளிக்கு வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி அளிக்க, மாவட்டந்தோறும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

வாசகர்களே, இவ்வுரிமைகள் யாவும் ஆதாரத்தின்மீதே நிற்பவை. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, ஷிப்டு அட்டவணை, மருத்துவப் பரிசோதனை முடிவு ஆகியவற்றின் நகல்களை ஆலைக்கு வெளியே, உங்கள் வீட்டில் இன்றே பத்திரப்படுத்துங்கள்.